குருவி எப்போது கிளம்பும்?

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் பார்க்கிறான். மூன்று விநாடி, ஐந்து விநாடி, பிடிக்கவில்லை என்றால் கட்டைவிரல் மேலே தள்ளிவிடுகிறது. கால்மணி நேரத்தில் ஐம்பது வீடியோவாவது ஓடிப்போயிருக்கும். புத்தகத்தை எடுத்தால் ஒரு பத்தி முடிப்பதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுகிறான். "இவனால எதுலயும் அஞ்சு நிமிஷம் உட்கார முடியல, எல்லாம் அந்த போன் பண்ற வேலை" என்கிறார் அம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதே பையன் தியேட்டரில் இரண்டே முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஐபிஎல் ஆட்டம் என்றால் ராத்திரி ஏழரைக்கு உட்கார்ந்தவன் கடைசி ஓவர் வரை எழுந்திருப்பதில்லை.

கவனம் சுருங்கிவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது?

"பிடித்த விஷயம் என்றால் உட்காருவான்" என்று பதில் சொல்லிவிடலாம். யோசித்துப் பார்த்தால் அது போதாது. அவனுக்கு ரீல்ஸும் பிடித்தமான விஷயம்தான். நாளில் அதிக நேரத்தை அதற்குத்தான் கொடுக்கிறான். மிகவும் பிடித்த ஒன்றிடமிருந்து எதற்காக மூன்று விநாடியில் ஓடுகிறான்? இந்த அத்தியாயம் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகப் போகிறது.

தங்கமீனின் ஒன்பது விநாடி

முதலில் ஒரு கட்டுக்கதையை ஓரம் கட்டிவிடுவோம். மனிதனின் கவனம் 2000-ஆம் ஆண்டில் 12 விநாடியாக இருந்தது, 2013-இல் 8 விநாடியாகக் குறைந்துவிட்டது, தங்கமீனுக்குக்கூட 9 விநாடி உண்டு என்ற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இன்றைக்கும் சுற்றுகிறது. 2015-இல் மைக்ரோசாஃப்டின் கனடா கிளை விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட ஓர் அறிக்கை வழியாக உலகம் முழுவதும் பரவியது இது. அந்த எண்கள் மைக்ரோசாஃப்ட் அளந்து கண்டவை அல்ல. புள்ளிவிவரங்களைத் தொகுத்துப் போடும் ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தவை. 2017-இல் பிபிசி வானொலி அந்த இணையதளம் காட்டிய மூலங்களைத் தேடிப் போனபோது, அப்படி ஓர் ஆய்வு யார் கையிலும் இல்லை.

தங்கமீனுக்கும் இதில் அநியாயம் நடந்திருக்கிறது. பழக்கினால் கற்றுக்கொண்டு பல நாட்கள் நினைவில் வைத்திருக்கும் மீன் அது. கற்றலையும் நினைவையும் ஆராய்கிறவர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பயன்படுத்துவதே அதனால்தான்.

ஆனால் எண் பொய் என்பதால் கவலையும் பொய் ஆகிவிடாது. அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

அளந்தவர்கள்

கவனத்தை அளக்கும் முயற்சி போனுக்கு வெகுகாலம் முந்தியது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு தலைவலி. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ராடார் திரை முன்னால் உட்காரும் வீரர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் தெரியும் புள்ளியைத் தவறவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் இதற்காக ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளைத் தட்டு, அதில் ஒரே ஒரு முள். விநாடிக்கு ஒரு தரம் முள் ஒரு படி தாவும். எப்போதாவது ஒரு தரம் இரண்டு படி சேர்த்துத் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. 1948-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கண் தவறவிடத் தொடங்கியிருந்தது. இந்த வீரர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். தொலைக்காட்சிகூட வீட்டில் பார்க்காதவர்கள். சலிப்பான வேலையில் மனிதக் கவனம் அரைமணியில் தளர்வது நம் காலத்து நோய் அல்ல.

தலைமுறை தலைமுறையாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே சோதனையைப் பல வருடங்கள் மாற்றாமல் நடத்தியிருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ரோல்ஃப் பிரிக்கன்காம்ப் 1962-இல் வெளியிட்ட 'டி2' சோதனை. ஒரே ஒரு தாள். அதில் 14 வரிகள். ஒவ்வொரு வரியிலும் 47 எழுத்துகள், எல்லாமே ஆங்கிலச் சின்ன 'டி' அல்லது சின்ன 'பி'. ஒவ்வோர் எழுத்தின் மேலும் கீழும் குட்டிக் குட்டிக் கோடுகள், ஒன்று முதல் நான்கு வரை. இரண்டே கோடு உள்ள 'டி'-யை மட்டும் அடிக்க வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு, மேலொன்று கீழொன்று, மூன்றும் சரி. இரண்டு கோடு உள்ள 'பி'-யை அடித்தால் தப்பு. மூன்று கோடு உள்ள 'டி'-யை அடித்தாலும் தப்பு. ஒரு வரிக்கு 20 விநாடி. நேரம் ஆனதும் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அடுத்த வரி. மொத்தம் நாலே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளியே வரும்போது கண்ணெல்லாம் 'டி'-யும் 'பி'-யும் நீந்தும்.

வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் 2021 வரை 32 நாடுகளில் இந்தத் தாளை எழுதிய 21,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை ஒன்றாகச் சேர்த்து 2024-இல் வெளியிட்டார்கள். இடையில் இணையம் வந்தது, கைபேசி வந்தது, முகநூல் வந்தது. பெரியவர்களின் கவனத் திறன் குறையவில்லை. ஓரளவு கூடியே இருந்தது. குழந்தைகளிடம் மொத்த மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அவர்கள் எழுதும் விதம் மாறியிருந்தது: முன்பைவிட வேகமாக ஓடுகிறார்கள், முன்பைவிட அதிகம் தப்பு விடுகிறார்கள். இந்தக் கடைசி விவரத்தை மறந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்த ஆய்விலேயே கவலைக்குரிய வரி அதுதான்.

ஆக, உட்காரச் சொன்னால் உட்காரும் திறன் குறைந்துவிடவில்லை. இங்கேயே நிறுத்திவிட்டு "பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட முடியாது. இன்னொருவர் வேறு விதமாக அளந்திருக்கிறார்.

150, 75, 47

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் யாருக்கும் தாள் கொடுக்கவில்லை. அலுவலகங்களுக்கே போனார். 2004-இல் அவருடைய குழுவினர் ஊழியர்களின் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து, ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது தாவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். சராசரியாக 150 விநாடி. பின்னால் அந்த வேலையைக் கணினி மென்பொருளே செய்தது. 2012-இல் 75 விநாடி. கடந்த சில ஆண்டுகளில் அவரும் மற்றவர்களும் அளந்ததில் 47 விநாடி அளவில் நிற்கிறது. தாவல்களில் ஏறக்குறைய பாதிக்கு வெளித் தூண்டல் எதுவும் இல்லை. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே தாவினார்கள்.

இந்த எண்களை டிக்டாக் மீது பழி போடுவதற்குப் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். வருடங்களைக் கவனியுங்கள். 150 பாதியாகக் குறைந்து 75 ஆனது 2012-இல். ஆறு விநாடி வீடியோக்களுக்காகவே வந்த வைன் செயலி 2013-இல்தான் வந்தது. சீனாவில் டௌயின் 2016-இல், அதன் வெளிநாட்டு வடிவமான டிக்டாக் 2017-இல். பெரிய சரிவு நடந்தபோது குறுவீடியோ பிறக்கவே இல்லை. அளக்கப்பட்டவர்களும் மேசைக் கணினியில் வேலை பார்த்த பெரியவர்கள்.

இரண்டு அளவையும் பக்கத்தில் வையுங்கள். தாள் கொடுத்து உட்கார வைத்தால் பழைய தலைமுறையைவிட நன்றாகவே செய்கிறோம். சும்மா விட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கிளம்பிவிடுகிறோம். முதலாவது, எவ்வளவு நேரம் இருக்க *முடியும்* என்று அளக்கிறது. இரண்டாவது, எப்போது கிளம்ப *முடிவெடுக்கிறோம்* என்று அளக்கிறது. முதல் விஷயத்துக்குக் 'கவனத் திறன்' என்றும் இரண்டாவதற்குக் 'கிளம்பும் முடிவு' என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். திறன் மாறாமலே முடிவு மாற முடியுமா? முடியும் என்று காட்டியது ஒரு குருவி.

குருவியும் மரத்தூளும்

நம்மூர்ப் பட்டாணிக் குருவிக்கு ஐரோப்பாவில் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, கிரேட் டிட் என்பார்கள். 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் கௌவி ஒரு பெரிய கூண்டுக்குள் செயற்கை மரங்களை நட்டார். கிளைகளில் சிறு கிண்ணங்கள். கிண்ணம் நிறைய மரத்தூள், அதற்குள் புழுத் துண்டுகள். குருவி மரத்தூளைக் கிளறிக் கிளறிப் புழு எடுக்கும். முதலில் சீக்கிரம் கிடைக்கும். போகப் போகக் குறையும். ஒரு கட்டத்தில் குருவி அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடும். எப்போது போகும்?

அமெரிக்க உயிரியலாளர் எரிக் சார்னோவ் 1976-இல் இதற்கு ஒரு விடை சொல்லியிருந்தார். அவர் அதைக் கணிதத்தில் எழுதினார். நாம் கைக்கணக்கில் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை.

ஒரு கிண்ணத்தில் முதல் நிமிடம் 5 புழு, இரண்டாம் நிமிடம் 3, மூன்றாம் நிமிடம் 2, நான்காம் நிமிடம் 1, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எல்லாக் கிண்ணமும் இப்படித்தான். அடுத்த கிண்ணத்துக்குப் போய்த் திறக்க 10 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

குருவி ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினால், பயணத்தோடு சேர்த்து 11 நிமிடத்துக்கு 5 புழு, மணிக்கு 27. இரண்டு நிமிடம் இருந்தால் 12 நிமிடத்துக்கு 8 புழு, மணிக்கு 40. மூன்று நிமிடம் இருந்தால் மணிக்கு 46. நான்கு நிமிடம் இருந்து கடைசிப் புழுவையும் எடுத்தால் 14 நிமிடத்துக்கு 11, மணிக்கு 47. ஐந்தாவது நிமிடமும் இருந்தால் 44-க்கு இறங்கிவிடும். ஆகவே நான்கு நிமிடம்தான் லாபம். கிண்ணத்தைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பயணத்தை 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறையுங்கள். ஒரு நிமிடம் இருந்தால் 2 நிமிடத்துக்கு 5 புழு, மணிக்கு 150. இரண்டு நிமிடம் இருந்தால் 3 நிமிடத்துக்கு 8, மணிக்கு 160. மூன்று நிமிடம் இருந்தால் மறுபடி 150. நான்கு என்றால் 132. இப்போது லாபம் இரண்டு நிமிடத்தில். கிண்ணத்தில் மூன்று புழு மிச்சம் இருக்கும்போதே குருவி பறக்க வேண்டும்.

பயணமே இல்லை, அலகுக்குப் பக்கத்திலேயே அடுத்த கிண்ணம் என்றால்? முதல் நிமிடத்தில் 5 புழு எடுத்துவிட்டு உடனே அடுத்தது. மணிக்கு 300. இரண்டாவது நிமிடம் தங்குகிற ஒவ்வொரு தரமும் நஷ்டம்.

மூன்று தரமும் குருவி அதே குருவி. அதன் பசியும் பொறுமையும் மூளையும் மாறவில்லை. கிண்ணமும் அதே கிண்ணம். மாறியது அடுத்த கிண்ணத்துக்கான தூரம் மட்டும். தங்கும் நேரமோ நான்கு நிமிடத்திலிருந்து இரண்டாகி ஒன்றாகிவிட்டது. கௌவி நிஜக் குருவிகளிடம் இதைச் சோதித்தார். கிண்ணங்களுக்கு மூடி போட்டார். ஒரு தரம் லேசாக வைத்த மூடி, இன்னொரு தரம் இறுக்கமான மூடி. இறுக்கமான மூடியைப் பெயர்க்க நேரமாகும் என்பதால் அது தூரத்துக்குச் சமம். மூடி இறுக்கமாக இருந்தபோது குருவிகள் ஒவ்வொரு கிண்ணத்திலும் கூடுதல் நேரம் தங்கின. 1977-இல் வெளியான இந்தச் சோதனை இன்றும் விலங்கு நடத்தைப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. இந்தத் தூரத்துக்கு 'தாவல் செலவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

தூரம் இல்லாத தோப்பு

இப்போது அந்தப் பையனிடம் திரும்பி வரலாம். தியேட்டரில் தாவல் செலவு அதிகம். டிக்கெட் வாங்கியாயிற்று, இருட்டில் பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே போக வேண்டும், போனாலும் இன்னொரு படம் பக்கத்தில் காத்திருக்கவில்லை. மொக்கைக் காட்சி வந்தாலும் உட்காருகிறான். உட்கார்ந்ததால் அடுத்த நல்ல காட்சி வந்து சேருகிறது. ரீல்ஸில் தாவல் செலவு கட்டைவிரலின் ஓர் அசைவு. அவன் சார்னோவின் கணக்கைப் பிசகாமல் போடுகிறான்.

தொலைக்காட்சிக்கு ரிமோட் வந்தது, இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததுக்கு ஒரே சொடுக்கு ஆனது. 2006 வாக்கில் எசா ராஸ்கின் வடிவமைத்த 'முடிவில்லா ஸ்க்ரோல்' பக்கத்தின் அடியையே இல்லாமல் செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது தாவல் செலவுதான். குளோரியா மார்க்கின் எண்கள் குறுவீடியோவுக்கு முன்பே சரிந்ததற்குக் காரணம் இதில் இருக்கிறது என்பது என் கருத்து. குறுவீடியோ அந்தச் சரிவைத் தொடங்கவில்லை. அதன் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தது.

ஒரு செயலியைத் தடை செய்வது ஏன் பெரிதாக எதையும் மாற்றவில்லை என்பதும் இப்போது புரியும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை போட்டு, அதே மாதக் கடைசியில் நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை மொத்தமாகத் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை மற்ற நாடுகளுக்கு முன்பாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. ஒரு மரத்தை வெட்டினார்கள். மற்ற மரங்களுக்கு இடையில் இருந்த தூரம் அப்படியே பூஜ்யமாக இருந்தது.

மெதுவாகத் தரும் கிண்ணம்

கணக்கு சரி என்றால், தாவித் தாவிப் பார்க்கிறவன் அதிக சந்தோஷத்தோடு எழுந்திருக்க வேண்டும். மணிக்கு 300 புழு தின்ற குருவி அல்லவா! அப்படி நடப்பதில்லை என்று ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் இதை ஏழு சோதனைகளில், 1,200-க்கும் அதிகமானவர்களிடம் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். ஒரு சோதனையில் பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு வீடியோ, அல்லது அதே பத்து நிமிடத்துக்கு விருப்பம்போல் தாவிக்கொள்ளலாம் என்று பல வீடியோக்கள். எது சலிக்காது என்று முன்கூட்டிக் கேட்டால், தாவ முடிந்தால் சலிக்காது என்றே மக்கள் நம்பினார்கள். பார்த்து முடித்ததும் நடந்தது நேர் எதிர். தாவியவர்களுக்குத்தான் சலிப்பு அதிகம். திருப்தியும் குறைவு, பார்த்ததில் மனம் ஒன்றவும் இல்லை. ஒரே வீடியோவுக்குள் முன்னால் ஓட்டிக்கொள்ள விட்டபோதும் அதே கதை.

குருவிக்குப் பலித்த கணக்கு நமக்கு ஏன் பலிக்கவில்லை? குருவியின் கிண்ணத்தில் முதல் நிமிடத்தில்தான் அதிகம் புழு. மனிதர்களுக்குப் பிடித்த பல கிண்ணங்கள் தலைகீழாக இருக்கின்றன. ராக ஆலாபனையின் முதல் நிமிடத்தில் பாடகர் மெல்லத் தடம் போட்டுக்கொண்டிருப்பார். நாவலின் முதல் பத்துப் பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவே போய்விடும். கணக்குப் பாடத்தில் முதல் நிமிடம் வெறும் குழப்பம். இவற்றில் முதல் நிமிடம் 1 புழு, இரண்டாவது 2, மூன்றாவது 3, நான்காவது 5 என்று வருகிறது. மொத்தம் அதே 11. ஆனால் ஒரு நிமிடத்தில் கிளம்பிப் பழகிய குருவிக்கு இந்தக் கிண்ணம் காலி என்றே தோன்றும். அங்கே புழு இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் தெரிந்துகொள்ளத் தங்க வேண்டும்.

குறுவீடியோவைப் பற்றிய என் முழுக் கவலையும் இதுதான். பையனின் கவனம் தேய்ந்துவிடவில்லை. அவன் நாள் முழுவதும் போடும் கணக்கு, உடனே தரும் கிண்ணங்களை வைத்துப் போட்ட கணக்கு. அதே கணக்கோடு அறிவியல் புத்தகத்தைத் திறக்கிறான், முதல் நிமிடத்தில் ஒரு புழுதான் வருகிறது, கிளம்பிவிடுகிறான். கணக்கின் விதி சரி. கிண்ணத்தின் வகைதான் வேறு.

பத்து நிமிட இடைவேளை

இன்னொரு சேதாரமும் உண்டு, தாவுவதாலேயே வருவது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்செஸ்கோ கியோசியும் சகாக்களும் 2023-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் நம் வீட்டில் தினமும் நடப்பதை அது அளக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்கிறார்கள். அதை மனதில் போட்டுக்கொண்டு வேறு பத்து வேலை பார்க்கிறோம். காய்கறிக் கடை கண்ணில் பட்டதும் அது தானாக மேலே வர வேண்டும். இப்படிப் பின்னால் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறனைச் 'செயல் நினைவு' எனலாம்.

60 பேர். திரையில் எழுத்துக் கூட்டங்கள் வரும். அது சொல்லா, அர்த்தமில்லாத கூட்டமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். கூடவே ஒரு கட்டளை: குறிப்பிட்ட சில சொற்கள் வந்தால் மட்டும் வேறு பொத்தான். அதுதான் கறிவேப்பிலை. நடுவில் பத்து நிமிடம் இடைவேளை. ஒரு குழு சும்மா உட்கார்ந்தது, ஒன்று ட்விட்டர் பார்த்தது, ஒன்று யூடியூப் வீடியோ, ஒன்று டிக்டாக். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். சும்மா இருந்தவர்களும் ட்விட்டர், யூடியூப் பார்த்தவர்களும் ஏறக்குறைய முன்பு போலவே செய்தார்கள். டிக்டாக் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்தக் குறிப்பிட்ட சொற்கள் வந்தபோது கை வேறு பொத்தானுக்குப் போகவில்லை. சரியாகச் செய்த விகிதம் கணிசமாகச் சரிந்தது.

பத்து நிமிடத்தில் நாற்பது தனித்தனி உலகங்கள்: ஒரு சமையல், ஒரு விபத்து, ஒரு நடனம், ஒரு பிரார்த்தனை. ஒவ்வொன்றுக்கும் மனம் பழையதைக் கீழே வைத்துப் புதியதைத் தூக்க வேண்டும். அந்தத் தூக்கிவைப்பில்தான் கறிவேப்பிலை தொலைகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குழுவுக்குப் பதினைந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பார்த்ததும் உடனடி விளைவைத்தான். வருடக்கணக்கில் என்ன ஆகும் என்பதை அல்ல. ஆனாலும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் "நடுவுல பத்து நிமிஷம் ரீல்ஸ் பார்த்து ரிலாக்ஸ் பண்ணிக்கோ" என்று சொல்லும் முன் யோசிக்க இது போதும். அந்தப் பத்து நிமிடம் மொட்டைமாடியில் நடப்பது நல்லது.

எது முதலில்?

2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 71 ஆய்வுகளை, ஏறக்குறைய 98,000 பேரின் விவரங்களை, ஒன்றாகத் திரட்டினார்கள். குறுவீடியோ அதிகம் பார்க்கிறவர்களிடம் கவனச் சோதனைகளில் மதிப்பெண் குறைவாகவும், தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவாகவும் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. தொடர்பு உண்டு, சின்னத் தொடர்பும் இல்லை. ஆனால் பார்ப்பதால் கவனம் குறைகிறதா, கவனம் குறைந்தவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே ஒன்றை ஒன்று வளர்க்கவும் கூடும்.

இதைத் தெளிவாக்க ஒரே வழி, சிலரிடமிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான்.

பதினான்கு நாள்

அப்படியே செய்தவர்கள் இருக்கிறார்கள். நோவா காஸ்டெலோவும் சகாக்களும் 467 பேரின் போனில், அவர்கள் சம்மதத்தோடு, இணையத்தை இரண்டு வாரம் தடுக்க ஏற்பாடு செய்தார்கள். அழைப்பு வரும், குறுஞ்செய்தி வரும், இணையம் மட்டும் வராது. கவனத்தை அளந்த விதம் மேக்வொர்த்தின் கடிகாரத்துக்குத் தம்பி மாதிரி. திரையில் படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் நகரம், எப்போதாவது மலை. நகரத்துக்குப் பொத்தானை அழுத்த வேண்டும், மலை வந்தால் கையைத் தடுத்துக்கொள்ள வேண்டும். நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும் விரலை மலையில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

இரண்டு வாரத்தில் நீடித்த கவனம் முன்னேறியது. வயதாக ஆக இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைவது தெரிந்த விஷயம். முன்னேற்றத்தின் அளவு ஏறக்குறைய பத்து வயது குறைந்ததற்குச் சமம் என்று 2025 பிப்ரவரியில் வெளியான கட்டுரை கணக்கிட்டது. மனநிலையும் மேம்பட்டது. போனிலிருந்து மிஞ்சிய நேரத்தில் அவர்கள் நேரில் மனிதர்களைச் சந்தித்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், மரம் செடிகளுக்கு நடுவில் இருந்தார்கள். எல்லாம் மெதுவாகத் தரும் கிண்ணங்கள். கொஞ்சம் கூடுதலாகத் தூங்கவும் செய்தார்கள்.

விருப்பப்பட்டு வந்தவர்களாக இருந்தும், பதினான்கு நாளில் பத்து நாளாவது தடையை நீக்காமல் வைத்திருந்தவர்கள் நால்வரில் ஒருவர்தான். மற்றவர்கள் தடையைப் போடவே இல்லை, அல்லது இடையில் திறந்துவிட்டார்கள். அப்படியும் முன்னேற்றம் தெரிந்தது.

அவர்களிடமிருந்து இணையம் முழுவதுமாகப் பிடுங்கப்படவும் இல்லை. மடிக்கணினியில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், ரீல்ஸ் உட்பட. அதற்கு எழுந்து போய் மடிக்கணினியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். கௌவியின் குருவிகளுக்கு இறுக்கமான மூடி கொடுத்ததும் அதுபோன்ற ஒரு சின்னத் தாமதம்தான்.